போல் ஐஸ்லர்: அச்சகத்தில் மின்சுற்றைக் கண்டெடுத்த அகதி

கைத்தொலைபேசியோ, தொலைக்காட்சியோ, வீட்டு மின்மானியோ, எதைக் கழற்றினாலும் உள்ளே ஒரு பலகை இருக்கும். பச்சை நிறப் பலகையின் மேல் மெல்லிய செப்புக் கோடுகள் ஓடும். அந்தப் பலகை இல்லாத இலத்திரனியல் கருவி இன்று கிட்டத்தட்ட இல்லை. அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் என்று உலகம் சொல்லும் பெயர் போல் ஐஸ்லர். 1936 இல் வேலை அனுமதியோ நிரந்தர வருமானமோ இல்லாமல் லண்டனில் வந்திறங்கியவர் அவர். ஹம்ஸ்டெட் பகுதியின் வாடகை அறையொன்றில் இருந்துகொண்டுதான் அந்தப் பலகையில் ஒரு வானொலியைச் செய்தார்.

நான் பல வருடங்கள் வானொலி, தொலைக்காட்சி திருத்தியவன். இப்போது இளையவர்களுக்கு இலத்திரனியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஐஸ்லரைப் பற்றி எழுத எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, அவருடைய வாழ்க்கை எங்களில் பலருடைய வாழ்க்கையை ஒத்திருக்கிறது. படித்த படிப்புக்கு இனத்தின் பெயரால் வேலை மறுக்கப்பட்டது, நாட்டை விட்டு வெளியேறியது, தஞ்சம் புகுந்த நாட்டிலேயே தடுத்து வைக்கப்பட்டது, வாசிக்காமல் ஒரு தாளில் கையெழுத்து வைத்தது. இரண்டாவது காரணம் சற்று கசப்பானது. வானொலிக்காகப் பிறந்த அந்த யோசனையை உலகம் முதலில் பெருமளவில் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் எறிகணையின் மூக்கு.

வியன்னாவில் மூடிய கதவுகள்

ஐஸ்லர் 1907 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2 ஆம் திகதி ஒஸ்திரியாவின் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1930 இல் வியன்னாத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. வலதுசாரித் தேசியவாதிகளின் செல்வாக்கு மேலோங்கியிருந்த காலம் அது. யூத இளைஞர் ஒருவருக்குப் பொறியியலாளர் பதவி கொடுக்க நிறுவனங்கள் தயாராக இருக்கவில்லை. தகுதி இருந்தும் பெயரைப் பார்த்து ஒதுக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை.

பெல்கிரேட்டில் ஒரு வேலை வந்தது. ரயிலில் பயணிப்பவர்கள் வானொலி கேட்பதற்கு இடைஞ்சலாக இருந்த மின் இரைச்சலை நீக்க வேண்டும். ஐஸ்லர் அதைச் செய்து முடித்தார். ஆனால் வாடிக்கையாளரால் பணமாகக் கொடுக்க முடியவில்லை, தானியமாகத்தான் கொடுக்க முடிந்தது. உலகப் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். ஐஸ்லர் வியன்னாவுக்குத் திரும்பினார்.

அங்கே கிடைத்தது பத்திரிகை வேலை, அதுவும் வானொலிச் சஞ்சிகை சம்பந்தப்பட்டது. அதனூடாக அச்சுத் தொழிலை மிக நெருக்கத்தில் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. ஒரு படத்தை உலோகத் தகட்டில் எப்படிப் பதிக்கிறார்கள், அமிலம் எந்த இடத்தை அரிக்கிறது, மை எந்த இடத்தைக் காக்கிறது, ஒரே தகட்டிலிருந்து ஆயிரம் பிரதிகள் எப்படி வருகின்றன என்பதையெல்லாம் கவனித்தார். பொறியியலாளராக அமர விடாத சமூகம் அவரை அச்சகத்துக்குள் தள்ளிவிட்டது. அவருடைய கண்டுபிடிப்பின் விதை அங்கேதான் இருந்தது.

அந்த நாளில் ஒரு வானொலிப் பெட்டியின் உள்ளே என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் இந்தக் கண்டுபிடிப்பின் அருமையை விளங்கிக்கொள்ளலாம். உலோகச் சட்டமொன்றில் வால்வுகளைப் பொருத்தி, ஒவ்வொரு உறுப்பையும் கம்பியால் இணைத்து, ஒவ்வொரு மூட்டிலும் கையால் ஈயப்பற்று வைப்பார்கள். நூற்றுக்கணக்கான மூட்டுகள். ஒன்று பிழைத்தாலும் பெட்டி பேசாது. ஐஸ்லர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு பக்க எழுத்தை அச்சடிப்பதுபோல ஒரு முழுச் சுற்றின் கம்பிகளையும் ஒரே தடவையில் ஏன் அச்சடிக்க முடியாது?

ஹம்ஸ்டெட் அறை

1934 இல் ஒஸ்திரியாவில் சமூக ஜனநாயகக் கட்சி நசுக்கப்பட்டது. அதே ஆண்டு அந்நாட்டின் தலைவர் டொல்ஃபுஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லைக்கு அப்பால் ஹிட்லரின் ஜேர்மனி காத்துக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவு, முப்பரிமாணத் தொலைக்காட்சி ஆகியவை பற்றிய காப்புரிமைகளைத் தேடியிருந்த ஐஸ்லர், அவற்றைப் பிடித்துக்கொண்டு 1936 இல் இங்கிலாந்துக்கு வந்தார். இரண்டு வருடம் கழித்து, 1938 மார்ச்சில், நாஸிப் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. அவர் திரும்பிப் போவதற்கு நாடு இருக்கவில்லை.

ஹம்ஸ்டெட் அறையில் அவர் செய்த வேலை இதுதான். காவலிப் பலகை ஒன்றில் மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டினார். கம்பிகள் ஓட வேண்டிய பாதையை அமிலம் அரிக்காத மையால் தகட்டின் மேல் பதித்தார். பிறகு பலகையை அரிக்கும் திரவத்தில் போட்டார். மை மூடாத செப்பெல்லாம் கரைந்துபோக, மைக்குக் கீழிருந்த செப்பு மட்டும் கோடுகளாக மிஞ்சியது. அந்தக் கோடுகள்தான் கம்பிகள்.

இந்த எண்ணம் வேறு எவருக்கும் முன்னர் தோன்றவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1903 இல் அல்பேர்ட் ஹான்சன், 1925 இல் சார்ள்ஸ் டூக்காஸ் என்று தட்டையான கடத்திகளைப் பலகையில் பதிக்கும் யோசனைக்குக் காப்புரிமை தேடியவர்கள் இருந்தார்கள். ஆனால் செப்புத் தகடு, அச்சு, அரிப்பு என்ற மூன்றையும் ஒரு தொழில்முறையாகக் கோர்த்து, வேலை செய்யும் வானொலி ஒன்றையே அதில் கட்டிக் காட்டியவர் ஐஸ்லர். இன்றும் உலகத் தொழிற்சாலைகளில் பெரும்பாலும் நடப்பது அந்த முறையின் வாரிசுதான்.

அவர் பலகையோடு பிளெசி நிறுவனத்தின் கதவைத் தட்டினார். கம்பி இணைக்கும் வேலையைக் குறைந்த கூலிக்குப் பெண்கள் செய்கிறார்கள், அது போதும் என்ற எண்ணத்தில் அங்கே அவரை மறுத்துவிட்டார்கள். மனித உழைப்பு மலிவாகக் கிடைக்கும்போது புதிய இயந்திரத்துக்கு யாரும் அவசரப்படுவதில்லை. வயிற்றுப்பாட்டுக்காக ஒடியன் திரையரங்க நிறுவனத்தில் திரையரங்குத் தொழில்நுட்ப வேலை பார்த்தார்.

தஞ்சம் கொடுத்த நாட்டின் முகாம்

1940 இல் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரித்தானியாவில் பீதி பரவியது. ஜேர்மன், ஒஸ்திரியக் கடவுச்சீட்டு வைத்திருந்த பல்லாயிரக்கணக்கானோரை எதிரி நாட்டவர் என்று சொல்லி அரசு தடுப்பு முகாம்களில் அடைத்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள். யாரிடமிருந்து ஓடி வந்தார்களோ அவர்களுடைய ஆட்கள் என்ற சந்தேகத்திலேயே முட்கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். ஐஸ்லரும் அவர்களில் ஒருவர்.

1941 இல் அவர் விடுவிக்கப்பட்டார். கொஞ்சக் காலம் இராணுவத்தின் பயனியர் படைப்பிரிவில் வேலை செய்தார். மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கும் பிரிவு அது. ஒரு பொறியியலாளரின் அறிவை அங்கே யாரும் கேட்கவில்லை.

வாசிக்காமல் வைத்த கையெழுத்து

விடுதலைக்குப் பிறகு அவருக்கு ஒரு துணை கிடைத்தது. லண்டன் கம்பர்வெல் பகுதியில் ஹெண்டர்சன் அன்ட் ஸ்போல்டிங் என்ற பழைய அச்சு நிறுவனம் இருந்தது. அதை நடத்திய ஹரோல்ட் வெசி-ஸ்ட்ரோங், ஐஸ்லரின் யோசனையில் பணம் போட முன்வந்தார். மின்சுற்றை அச்சடிக்கலாம் என்று சொன்னால் அதைக் கேட்டுச் சிரிக்காதவர் ஓர் அச்சுக்காரராகத்தானே இருக்க முடியும்! அந்த நிறுவனத்தின் கீழிருந்த ரெக்னோகிராஃப் என்ற கிளை இந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டது.

ஐஸ்லர் ஒப்பந்தத்தைச் சரியாக வாசிக்காமல் கையெழுத்திட்டார். கண்டுபிடிப்பின் உரிமை முழுவதும் நிறுவனத்துக்குப் போய்விட்டது. ரெக்னோகிராஃபில் 16.5 சதவீதப் பங்கு அவருக்குக் கிடைத்தது. அக்கால வேலை ஒப்பந்தங்கள் பல அப்படித்தான் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் முகாமிலிருந்து வந்து, வேலையும் இல்லாமல் நிற்கும் ஒருவர், பேனாவை நீட்டும்போது ஒவ்வொரு வரியையும் நிறுத்தி வாசித்துப் பேரம் பேசும் நிலையில் இருப்பாரா? தெரியாத மொழியில் அடித்த படிவங்களில் கையெழுத்து வைத்துப் பழகிய எங்கள் சனத்துக்கு அந்த நிமிடம் புரியும்.

1943 பெப்ரவரியில் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது. அது பிறகு மூன்றாகப் பிரிக்கப்பட்டு 1950 இல்தான் வெளியானது.

எறிகணையின் மூக்கில் ஒரு வானொலி

இதற்கிடையில் கடலுக்கு அப்பால் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. விமானத்தை நோக்கிச் சுடும் எறிகணை நேராகப் பட்டால்தான் வெடிக்கும் என்றால், ஆயிரக்கணக்கில் சுட்டாலும் பலன் குறைவு. எறிகணைக்குள்ளேயே ஒரு சிறு வானொலி அனுப்பி இருந்து, இலக்கில் பட்டுத் திரும்பும் அலையை அதுவே உணர்ந்து, கிட்டப் போனதும் வெடித்தால் எப்படி? இந்த அண்மை உணர்வு உருகி பிரித்தானியாவில் தொடங்கிய யோசனை. 1940 இல் அது அமெரிக்காவுடன் பகிரப்பட்டு, அங்கே கோடிக்கணக்கான செலவில் வளர்க்கப்பட்டது. தத்துவத்தில் அது கைக்கு அடக்கமான ஒரு ராடர்தான். சுடும் கணத்தில் புவியீர்ப்பைப்போல ஏறக்குறைய 20,000 மடங்கு அதிர்ச்சியை அதன் உறுப்புகள் தாங்க வேண்டியிருந்தது. தொங்கும் கம்பிகள் அறுந்துபோகும். பலகையோடு ஒட்டிய கோடுகள் அசையா.

ஐஸ்லரின் கண்டுபிடிப்பே அந்த உருகிக்குள் போனது என்று பல இடங்களில் சுருக்கமாக எழுதுகிறார்கள். விடயம் அவ்வளவு நேர் அல்ல. மோட்டார் எறிகணைக்காக அமெரிக்காவின் சென்ட்ரலாப் நிறுவனம் செய்த சுற்று, பீங்கான் தட்டின் மேல் வெள்ளிக் குழம்பை மைபோலப் பூசிச் சூளையில் சுட்டது. ஐஸ்லருடையது செப்புத் தகட்டை அரித்தெடுப்பது. ஒன்று சேர்க்கும் முறை, மற்றது நீக்கும் முறை. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது பின்னர் நீதிமன்றம் வரை போனது. எப்படியிருந்தாலும், அச்சடித்த சுற்றின் பலத்தை உலகப் படைகள் அறிந்தது உருகியிலிருந்துதான்.

1944 கோடையில் லண்டனை நோக்கிப் பறந்துவந்த வி-1 குண்டுகளை வீழ்த்த அந்த உருகி பெரிதும் உதவியது. அந்த நகரத்தில் இருந்த பல்லாயிரம் பேரின் உயிரை அது காத்திருக்கும். அதே ஆண்டு டிசம்பரில் ஆர்டென் காட்டுச் சண்டையில் அதைத் தரைப்படையின் மீது திருப்பினார்கள். நிலத்தில் பட்டு வெடிக்கும் எறிகணைக்குக் குப்புறப் படுத்தாலோ, பதுங்குகுழிக்குள் இறங்கினாலோ கொஞ்சம் தப்பலாம். தலைக்கு மேலே வெடிப்பதற்கு மூடியில்லாத குழி பாதுகாப்பல்ல. மேலே மரக்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிப் பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

ஐஸ்லரை இதற்காகக் குற்றம் சாட்ட எனக்கு மனம் வரவில்லை. அவரைக் கொல்லத் தேடிய அரசுக்கு எதிரான போர் அது. ஆனால் ஒரு நல்ல யோசனைக்கு முதல் பெரிய வாடிக்கையாளராக எப்போதும் போர்தான் வந்து நிற்கிறது என்பதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லவும் முடியாது.

பலகையே அன்டெனாவான காலம்

1948 இல் அமெரிக்கா இந்தத் தொழில்நுட்பத்தை வணிகப் பாவனைக்குத் திறந்துவிட்டது. அடுத்த வருடமே அமெரிக்க இராணுவத்தின் சிக்னல் பிரிவில், உறுப்புகளின் கால்களைத் துளைகளில் செருகி, பலகையை முழுதாக உருகிய ஈயத்தில் தொட்டெடுக்கும் முறை உருவானது. நூற்றுக்கணக்கான மூட்டுகளும் சில வினாடிகளில் முடிந்தன. மலிவு விலை வானொலி பிறந்தது. தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத எங்கள் வீடுகளில், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட அந்தச் சிறு ரான்சிஸ்டர்களுக்குள் இருந்ததும் இந்தப் பலகைதான். மண்ணிறப் பலகை. காகிதத்தைப் பேக்கலைட் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தது. ஈரம் பட்டால் ஊதும், ஈயக்கோல் அதிகம் பட்டால் செப்புக்கோடு உரிந்துவிடும். நான் எத்தனையோ உரித்தெடுத்திருக்கிறேன்.

பிறகு கண்ணாடி நாரும் எப்பொக்சிப் பிசினும் சேர்ந்த பலகை வந்தது. இன்று நாம் பார்க்கும் பச்சைப் பலகை பெரும்பாலும் அதுதான். சாதாரண வேலைக்கு அது மிக நல்லது. ஐம்பதுகளில் பொறியியலாளர்கள் நுண்ணலைகளையும் பலகையிலேயே ஓட்டத் தொடங்கினார்கள். பின்னர் செப்பில் வெட்டிய ஒரு சிறு சதுரத்தையே அன்டெனாவாக்கினார்கள். அங்கே காவலிப் பலகையின் குணம் மாறிவிடுகிறது. வானொலியில் அது செப்பைத் தாங்கும் தட்டு மட்டுமே. ராடரில் அலையின் பெரும்பகுதி பலகைக்குள்ளேயே ஓடுகிறது. எனவே பலகையின் பொருளும் அன்டெனாவின் பகுதியாகிறது.

இன்றைய கார் ராடர்கள் 77 கிகாஹேர்ட்ஸ் மீடிறனில் வேலை செய்கின்றன. காற்றில் அதன் அலைநீளம் 4 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பலகைக்குள் அது இன்னும் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை மின்னுழைய மாறிலி என்ற எண் தீர்மானிக்கிறது. அந்த எண் 3 ஆக உள்ள பலகையில் அன்டெனாச் சதுரத்தின் நீளம் 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேல்தான் வரும். அந்த எண் 2 சதவீதம் பிசகினால் அன்டெனாவின் மீடிறன் 1 சதவீதம் விலகும். அதாவது முக்கால் கிகாஹேர்ட்ஸ். 76 முதல் 77 வரையான பட்டையின் முழு அகலமே 1 கிகாஹேர்ட்ஸ்தான்.

இரண்டாவது பிரச்சினை இழப்பு. பச்சைப் பலகையின் இழப்பெண் 0.02 அளவு. டெஃப்லோன் சேர்ந்த ராடர்ப் பலகைகளில் அது 0.001 அளவு. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 77 கிகாஹேர்ட்ஸில் பச்சைப் பலகையில் ஒரே ஒரு சென்ரிமீற்றர் ஓடுவதற்குள் அலையின் சக்தியில் பாதியளவு வெப்பமாகிவிடும். டெஃப்லோன் பலகையில் பலகைப் பொருளால் போவது நூற்றுக்கு மூன்று அளவுதான். ஈரத்தையும் டெஃப்லோன் கிட்டத்தட்ட உறிஞ்சாது. பலகை உறிஞ்சும் சிறிதளவு நீர்கூட அந்த இரண்டு எண்களையும் கெடுத்துவிடும்.

ஆனால் டெஃப்லோனில் எதுவும் ஒட்டாது என்பது சமையலறையில் எல்லோருக்கும் தெரியும். செப்பும் ஒட்டாது. ஒட்டுவதற்காகச் செப்பின் அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாக்கினால் இன்னொரு தொல்லை. 77 கிகாஹேர்ட்ஸில் மின்னோட்டம் செப்பின் மேற்பரப்பில் கால் மைக்கிரோமீற்றர் ஆழத்துக்குள்தான் ஓடும். சொரசொரப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் மின்னோட்டம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கி சக்தியை இழக்கும். டெஃப்லோன் மிருதுவானது, சூட்டில் அதிகம் விரியும். அதனால் பீங்கான் தூளைக் கலந்து, விரிவைச் செப்பின் விரிவோடு பொருந்தச் செய்கிறார்கள். பீங்கானும் செப்பும் போர்க்காலத்தில் எதிரெதிர் வழிகளாக இருந்தன. ராடர்ப் பலகையில் அவை ஒன்றாகின்றன.

கடைசிக் காலம்

ரெக்னோகிராஃபின் காப்புரிமைகளை உலகம் பயன்படுத்தியது, உரிமம் வாங்கிப் பணம் கட்டியவர்கள் மிகச் சிலர். ஐஸ்லர் 1957 இல் நிறுவனத்தை விட்டு விலகினார். 1963 இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அந்நாட்டுக் காப்புரிமைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் நடந்த இன்னொரு வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. 1972 இல் அறிக்கையிடப்பட்ட அந்தத் தீர்ப்பைக் காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு விடயம் நடந்து முடிந்த பிறகு, அது யாருக்கும் தோன்றியிருக்கக்கூடிய சாதாரண விடயம் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்பதற்கு அது பாடம்.

அவர் ஓயவில்லை. உணவைச் சூடாக்கும் தகடு, சுவரையும் தரையையும் சூடாக்கும் படலம், கார்ப் பின்கண்ணாடியின் பனியை நீக்கும் கோடுகள் என்று தொடர்ந்து யோசித்தார். பெரிய பணம் எதிலும் வரவில்லை. 1989 இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். பிரித்தானிய மின்பொறியியலாளர் நிறுவனத்தின் நஃபீல்ட் வெள்ளிப் பதக்கம் வாழ்வின் கடைசியில்தான் வந்தது. 1992 ஒக்டோபர் 26 ஆம் திகதி லண்டனில் காலமானார். அந்நேரம் உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் அவருடைய முறையில் கோடிக்கணக்கான பலகைகளை அடித்துக்கொண்டிருந்தன.

என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு விடயம் சொல்லுவேன். எதில் கையெழுத்து வைத்தாலும் முதலில் வாசியுங்கள், விளங்காவிட்டால் விளங்கின ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றது, விரும்பிய வேலை கிடைக்காமல் வேறொரு தொழிலுக்குள் போக நேர்ந்தால் அங்கே கண்ணை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

இன்னொரு விடயமும் உண்டு. ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் உருவான கையடக்கக் கருவியொன்றைக் கம்போடியாவின் கண்ணிவெடி நிலங்களில் பாவித்திருக்கிறார்கள். உலோகம் காணும் கருவியையும் நிலத்துக்குள் பார்க்கும் ராடரையும் அது ஒன்றாகச் சேர்த்தது. புதைந்திருப்பது ஆணியா வெடியா என்பதை மேலேயிருந்தே பிரித்தறிய அது உதவுகிறது. போர் எறிகணைக்குள் வைத்த அதே தத்துவம், ஓர் அலையை அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்பது, அங்கே ஒரு விவசாயியின் காலைக் காப்பாற்றுகிறது. வன்னியில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளுக்கு நடுவே வயலுக்குப் போய்வந்த சனத்துக்கு அதன் பெறுமதி தெரியும்.